தனியாக ஒரு கப்பல் பயணம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மூத்தோர் மாதக் கூட்டத்தில், சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர்: பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர்)



"கப்பல்ல போயிட்டு வந்தீங்களே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்கம்மா" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். முப்பத்தாறு வருஷம் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, டோக்கன் நம்பரை மட்டுமே சத்தமாகக் கூப்பிட்டுப் பழகியவள் நான். மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலருக்கு என் அம்மாவைத் தெரியும். முன்பெல்லாம் மாலையில் பிள்ளையார் கோயில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கடைசிப் பதினோரு வருஷம் வெளியே வரவில்லை. போன வருஷம் பங்குனியில் 91 வயதில் காலமானார். அந்தப் பதினோரு வருஷத்தில் நான் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. அக்கா பேத்தியின் கல்யாணத்துக்குக்கூடத் திருச்சிக்குக் காலை ரயிலில் போய், முகூர்த்தம் முடிந்ததும் மதிய ரயிலில் திரும்பிவிட்டேன். இதைப் பெருமைக்காகவோ குறையாகவோ சொல்லவில்லை. நம் குடியிருப்பில் இப்படி இருப்பவர்கள் இன்னும் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களுக்குப் புரியும்.

அம்மா போன பிறகு எல்லோரும் சொன்னார்கள், "இனிமே ஃப்ரீயா எங்கயாவது போயிட்டு வாங்க" என்று. எங்கே போவது? கோயில் யாத்திரைக் குழுக்களில் காலை நாலு மணிக்கு எழுப்புகிறார்கள், முழங்கால் ஒத்துழைக்காது. வெளிநாட்டுக்குத் தனியாகப் போகத் தைரியமில்லை. அப்போதுதான் கப்பல் யோசனை வந்தது. பெட்டியை ஒரு தடவை வைத்தால் போதும், தினமும் ஹோட்டல் மாற்ற வேண்டாம். சாப்பாடு, தூக்கம், வேடிக்கை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. லிஃப்ட் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். பிடிக்காவிட்டாலும் இரண்டு ராத்திரியில் திரும்பி வந்துவிடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. எழுபதுகளில் என் சித்தப்பா எம்.வி. சிதம்பரம் கப்பலில் சிங்கப்பூர் போனார். சென்னைத் துறைமுகத்துக்குக் குடும்பமே வழியனுப்பப் போனோம். எனக்கு அப்போது பதினாறு வயது. கப்பல் நகர்ந்ததும் எல்லோரும் கையசைக்க, அம்மா மட்டும் அப்பாவிடம் கேட்டார்: "தண்ணி மேல ராத்திரி எப்படிங்க தூங்குவாங்க?" அப்பா சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எனக்கு மறக்கவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

2022 ஜூனில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் பயணத்தை முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கிவைத்த செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மும்பைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கடுமையாக இருக்கும் மாதங்களில் கப்பலை இந்தப் பக்கம் கொண்டுவருகிறார்கள். நான் போனது ஜூலையில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னையில் கிளம்பி, சனிக்கிழமை முழுக்க நடுக்கடலில் சுற்றிவிட்டு, ஞாயிறு காலை சென்னைக்கே திரும்பும் பயணம். எந்த ஊரிலும் இறங்குவதில்லை. "இறங்காம எதுக்குப் போறது?" என்று அக்கா கேட்டாள். இறங்க வேண்டாம் என்பதுதான் எனக்கு வசதி.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம்., கணக்கில்லாமல் பேச வராது.

விளம்பரத்தில் போடுகிற கட்டணம், ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் ஆளுக்கு எவ்வளவு என்பது. எனக்குச் சொன்னது 19,000 ரூபாய். நான் ஒருத்திதான் என்றதும் 34,000 ஆனது. "ஒரு ஆளுக்கு ஏங்க கிட்டத்தட்ட ரெண்டு டிக்கெட்?" என்று ஏஜெண்டிடம் சண்டைக்கே போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். அறைகளை இரண்டு பேருக்கென்றே கட்டுகிறார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் இரண்டாவது டிக்கெட்டும் போச்சு, அந்த இரண்டாவது ஆள் கப்பலுக்குள் செய்யக்கூடிய செலவும் போச்சு. அந்த நஷ்டத்தைத் தனியாக வருகிறவர் தலையில் வைக்கிறார்கள். இது உலகம் முழுக்க உள்ள நடைமுறைதான். தனியாளுக்கென்றே அறை கட்டிய கப்பல்களும் உண்டு. 2010-இல் வந்த நார்வீஜியன் எபிக் என்ற கப்பலில் அப்படி 128 அறைகள் வைத்தார்கள். நம் ஊரிலிருந்து நான் போன கப்பலில் அந்த வசதி இல்லை.

வங்கியில் டபுள் என்ட்ரி எழுதியே காலம் தள்ளினேன். ஒற்றை ஆளாக வாழ்ந்தாலும் டபுள் என்ட்ரி விடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பணத்தைக் கட்டினேன்.

துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. சேர்ந்து டிக்கெட் 41,850 ஆனது. கப்பலுக்குள் காபி, ஜூஸ், ஒரு போட்டோ என்று 2,640. டாக்ஸி போக வர 1,300. ஆக மொத்தம் 45,790 ரூபாய். பதிவு செய்யும்போது, "எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எந்தச் சாப்பாடு கட்டணத்தில் சேரும், எது தனி என்றும் கேளுங்கள். பஃபே சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம். சில விசேஷ உணவகங்களும் பானங்களும் தனிக் கணக்கு. கப்பலில் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியாகத் தருகிற அட்டையிலேயே எல்லாம் பதிவாகி, கடைசியில் பில் வரும். அட்டையைத் தேய்க்கும்போது பணம் போகிற மாதிரியே தெரியாது. நான் ஒவ்வொன்றையும் சின்ன நோட்டில் எழுதிவைத்தேன். டாலி ஆனது.

பணத்தைக் கட்டிவிட்டேன். அடுத்த படிவத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

இணையத்தில் செக்-இன் செய்ய வேண்டும். பெயர், வயது, ஆதார், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் மளமளவென்று நிரப்பினேன். அப்புறம் ஒரு கட்டம்: அவசரத் தொடர்புக்கு யார், என்ன உறவு, கைபேசி எண்.

பதினோரு வருஷமாக அம்மாவின் ஒவ்வொரு ஆஸ்பத்திரிப் படிவத்திலும் அந்தக் கட்டத்தில் என் பெயரை நானே எழுதியிருக்கிறேன். என் படிவத்தில் யார் பெயரை எழுதுவது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தேன். அக்காவுக்கு 72 வயது, காது சரியாகக் கேட்காது. அவள் மகன் நியூஜெர்சியில். நமக்குப் பகல் என்றால் அவனுக்கு ராத்திரி. வேறு யார்? விரலைக் கீபோர்டில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிப் பக்கமே மூடிக்கொண்டது. எல்லாவற்றையும் திரும்ப நிரப்ப வேண்டியதாயிற்று.

மறுநாள் எதிர் ஃப்ளாட் பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இதுக்கெல்லாம் கேக்கணுமாக்கா?" என்றாள். உறவு என்ற கட்டத்தில் கணவர், மனைவி, மகன், மகள், சகோதரர், சகோதரி என்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்று இல்லை. 'மற்றவை' என்பதை அழுத்தினேன். எட்டிப் பார்த்தவள் சொன்னாள்: "மற்றவைன்னு எதுக்குக்கா? தங்கச்சின்னே போடுங்க." போட்டேன். வங்கியில் தப்பான பதிவு ஒன்றுகூடச் செய்யாதவள் என்று பெயர் எடுத்திருந்தேன். இது தப்பான பதிவா, சரியான பதிவா என்று நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் துறைமுகத்துக்குப் போனேன். பெரிய பெட்டியில் அட்டை கட்டி வாங்கிக்கொள்வார்கள். அது அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். எனவே மாத்திரை, கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்று உடை இவற்றைக் கைப்பையிலேயே வையுங்கள். இஸ்திரிப் பெட்டி, கெட்டில் கொண்டுபோக முடியாது. வீட்டுச் சாப்பாட்டுக்கும் அனுமதி இல்லை. எனக்கு முன்னால் நின்ற குடும்பம் பெரிய டப்பா இட்லியை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. அந்தப் பாட்டியின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஏறியதும் முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. ஏழு முறை குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி எழுப்புவார்கள். அதைக் கேட்டால் அட்டையில் போட்டிருக்கிற இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டுவது என்று காட்டுவார்கள். பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகுதான், 1914-இல் கப்பல் பயணப் பாதுகாப்புக்கென்று முதல் சர்வதேச ஒப்பந்தம் வந்தது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சியே நடக்கவில்லை. அதன் பிறகு விதியை மாற்றி, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சியை நடத்தியாக வேண்டும் என்று ஆக்கினார்கள். தனியாகப் போகிறவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட நமக்கு ஆள் கிடையாது. அறையிலிருந்து அந்த இடத்துக்குப் படிக்கட்டு வழியாகவே இரண்டு தடவை நடந்து பார்த்துவைத்தேன்.

சாயங்காலம் கப்பல் கிளம்பியது. மேல்தளத்தில் பாட்டும் ஆட்டமுமாக இருந்தது. நான் ஓரமாக நின்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தின் பைலட் ஒருவர் கப்பலில் ஏறி, வெளிக்கடல்வரை வழிகாட்டிக் கொண்டுவந்துவிட்டு, நூலேணி வழியாகப் பக்கத்தில் வரும் சின்னப் படகில் இறங்கித் திரும்பிப் போகிறார். நகர்ந்துகொண்டிருக்கிற கப்பலிலிருந்து அவர் இறங்கியதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அவர் ஏதோ நம் மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்கிப் போனார். கலங்கரை விளக்கம் சின்னதாகிக்கொண்டே போய் மறைந்தது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரைதான் நம் நாட்டின் கடல் எல்லை. அதைத் தாண்டிய பிறகுதான் சூதாட்ட அரங்கைத் திறக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. மற்றவர்கள் பணத்தை எண்ணியே கை தேய்ந்துவிட்டது.

கைபேசி சிக்னலும் போய்விடும். போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் கப்பலின் ரோமிங் வலையமைப்பில் அதுவாகவே போய் ஒட்டிக்கொண்டு பில் எகிறும். "ரெண்டு நாள் போன் எடுக்கலன்னா பயப்படாதீங்க" என்று அக்காவிடமும் எதிர் ஃப்ளாட்டிலும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.

முதல் நாள் ராத்திரி எப்படி இருந்தது என்று உண்மையைச் சொல்கிறேன். நன்றாக இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் "எத்தனை பேர் மேடம்?" என்று கேட்டார்கள். "ஒருத்தர்" என்றேன். எல்லா மேஜையிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மூலையில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டு அறைக்கு வந்துவிட்டேன். கட்டணம் குறைவு என்று ஜன்னல் இல்லாத அறையை எடுத்திருந்தேன். விளக்கை அணைத்தால் ஒரே இருட்டு, எஞ்சின் சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது. 45,000 ரூபாய் செலவழித்து எதற்கு வந்தோம் என்று தோன்றியது.

சரியாக இரண்டு மணிக்கு விழித்துவிட்டேன். அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கிற நேரம் அது. அவர் கட்டிலில் ஒரு சின்னப் பித்தளை மணி கட்டியிருந்தோம். அந்தச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டே தூங்கிப் பழகிவிட்டேன். அம்மா போன பிறகும் வீட்டில் தினமும் இரண்டு மணிக்கு விழிப்பேன், கடலிலும் அது விடவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன். தூரத்தில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் மின்மினி மாதிரி தெரிந்தன. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, "ஒண்ணும் பிரச்சினை இல்லையேம்மா?" என்று தமிழில் கேட்டார். தூத்துக்குடிக்காரராம். வீட்டைப் பார்த்து ஆறு மாதம் ஆகிறதாம். அவருடைய அம்மாவைப் பற்றி அவர் பேசினார், என் அம்மாவைப் பற்றி நான் பேசினேன். ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

சூரியன் கடலிலிருந்து எழுந்தது. மெரினாவில் எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் அன்று சாயங்காலம் அதே சூரியன் அதே கடலிலேயே இறங்கியதையும் பார்த்தேன். நம் சென்னைக்காரர்களுக்குக் கடலில் சூரியன் உதிக்கத்தான் தெரியும், அஸ்தமனம் எப்போதும் வீடுகளுக்குப் பின்னால்தான். ஒரே நாளில் இரண்டையும் கடலில் பார்க்க அறுபத்தாறு வயது ஆகியிருக்கிறது எனக்கு.

சனிக்கிழமை ஒரு முடிவு செய்தேன், இனி மூலை மேஜை வேண்டாம் என்று. காலைச் சாப்பாட்டில் ஒரு வயதான தம்பதியிடம், "இங்க உக்காரலாமா?" என்று நானே கேட்டேன். சேலத்துக்காரர்கள். சாயங்காலம் வரை அவர்களோடு சீட்டு விளையாடினேன், மேஜிக் ஷோ பார்த்தேன். நடுவில் வேண்டும்போது எழுந்து போய்த் தூங்கினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாருக்கும் கஞ்சி ஆற்றவில்லை. தனியாகப் போவதில் உள்ள சௌகரியம் இதுதான்: துணை வேண்டுமென்றால் தேடிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் எழுந்து போகலாம்.

"வீட்ல யாரும் வரலையா?" என்ற கேள்வியை இரண்டு நாளில் ஏழு பேர் கேட்டார்கள். எண்ணிக்கொண்டே வந்தேன். முதல் நாலு பேரிடம் அம்மா காலமான கதையைச் சொன்னேன். ஐந்தாவது ஆளிடம் "இல்லை, நான் மட்டும்தான் வந்தேன்" என்று நிறுத்திக்கொண்டேன். அதுவே போதுமான பதில் என்று அப்போது தெரிந்தது.

உடம்பு விஷயம். மத்தியானம் கப்பல் கொஞ்சம் ஆடியது, தலை சுற்றியது. பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கப் பக்கவாட்டில் துடுப்பு மாதிரி அமைப்பு இருக்கும், என்றாலும் ஆட்டம் முழுதாகப் போகாது. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். தலை சுற்றினால் போனைப் பார்க்காமல், வெளியே வந்து தூரத்து அடிவானத்தையே பாருங்கள். வாந்தி மாத்திரை தேவைப்படும் என்றால் கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாம் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். வங்கக்கடலில் ஐப்பசி, கார்த்திகை புயல் காலம், அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்குப் படுத்தேன். கண் விழித்தபோது மணி ஆறு நாற்பது. இரண்டு மணியை நான் பார்க்கவே இல்லை. கப்பல் எப்போது துறைமுகத்துக்குள் வந்தது, எப்போது கட்டினார்கள், ஒன்றுமே தெரியாது. பதினோரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அப்படி ஒரு தூக்கம் தூங்கி. தண்ணி மேல ராத்திரி எப்படித் தூங்குவாங்க என்று அம்மா கேட்டாரே, நன்றாகத்தான் தூங்குகிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மணி விழிப்பு முழுதாகப் போய்விடவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருகிறது. வந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறேன்.

முடிக்கும் முன் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் அலுவலகத்தில் ஒவ்வொரு வீட்டின் கார் நம்பரும் இருக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் தடுப்பூசிச் சான்றிதழ் கொடுத்திருக்கிறோம். ஆனால் தனியாக வசிக்கும் ஒருவருக்கு அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பதிவு இல்லை. விருப்பப்பட்டவர்கள் மட்டும், யாரைக் கூப்பிட வேண்டும், மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று எழுதி, ஒட்டிய உறையில் அலுவலகத்தில் கொடுத்துவைக்கலாம். வெளியூர் போனால் எந்தத் தேதி வரை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பதிவேட்டை எழுதிப் பராமரிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தக் கட்டத்தில் எழுதப் பெயர் தோன்றாதவர்கள் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து என்னைப் பாருங்கள். பி பிளாக், இரண்டாவது மாடி. என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். உறவு என்ற இடத்தில் அக்கா என்றோ தங்கை என்றோ, வயதைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.